விட்டுப்போன ஓர் இழை

கணினியின் அடிவயிற்றில் கோப்புகளைக் கட்டிக்காக்கும் கெர்னல் நிரலை எழுதுவது என் தொழில். அது ஒழுங்காக ஓடும்வரை இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. இதே நிரலோடு மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இழை

எனக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் வீடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆபீஸ். கோப்புகளைச் சேமித்துவைக்க எங்கள் கம்பெனி விற்கும் பெட்டியை வாங்கியவர்களில் கஸ்தூரி அக்காவும் ஒருவர். காஞ்சிபுரத்தில் நான் ஆபீஸ் போகும் வழியில் கடை வைத்து, பட்டுச்சேலைக்குக் கணினியில் டிசைன் போடுபவர். எங்களுடைய பழைய பெட்டியில் இருந்ததையெல்லாம் புதியதற்கு நகலெடுத்து, பழையதைச் சுத்தமாக அழித்துவிட்டார். பிறகுதான் பார்த்தார். இறந்துபோன கணவர் கடைசியாகப் போட்ட யாளிக் கரை மட்டும் வரவில்லை. அது இன்னும் தறி ஏறாத டிசைன்.

என் சகா பிரகாஷிடம் போனில், "நடுவுல ஒரே ஒரு இழை விட்டுப்போச்சுப்பா" என்றாராம். எங்கள் பாஷையில் இழை என்றால் நிரலின் தனி ஓட்டம். பிரகாஷ் நாள்கணக்கில் ஒவ்வொரு இழையாகக் குடைந்துவிட்டு, எல்லா இழையும் சரியாக ஓடுகிறது என்று அவரிடமே சொன்னான்.

"நான் தறிப் பேச்சுல சொன்னேன்பா, நீ எதைத் தேடிக்கினு இருக்கிற?"

எத்தனையாவது?

ஒரு ஃபோல்டரில் உள்ள பெயர்களை எங்கள் நிரல் ஒரே மூச்சில் கொடுக்காது. வேறு யாரும் தொடாதபடி ஃபோல்டரைப் பூட்டிக்கொண்டு கொஞ்சம் கொடுக்கும், பூட்டைத் திறந்து மற்ற வேலைகளுக்கு வழி விடும், மறுபடி பூட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த இடத்தை 'இத்தனையாவது' என்று எண்ணால் நினைவு வைத்திருந்தது. இடையில் முன்னால் உள்ள ஒரு கோப்பை யாராவது அழித்தால், பின்னால் உள்ளவை ஓரிடம் நகரும். அடுத்து வரவேண்டியது நழுவிவிடும்.

நகல் ஓடும்போதே வேண்டாத கோப்புகளை அழித்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். காரணத்தை அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

"நாங்க குப்பையத்தானே அழிச்சோம், அது ஏம்மா அவரத் தூக்கிக்கினு போச்சு?"

பூட்டு

பட்டியல் முடியும்வரை பூட்டைத் திறக்கவே கூடாது என்றான் பிரகாஷ். சோதனைக்குப் போட்டுப் பார்த்தோம். பெயர்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் அதே பூட்டு இன்னொரு தடவை தேவைப்பட்டது. சாவி எங்கள் கையில். காத்துக் கிடந்ததும் நாங்களே. இயந்திரம் அப்படியே உறைந்தது. மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார்.

"எதுவும் விட்டுப்போகல, சரி. ஆனா எதுவும் வரவும் இல்லியேப்பா."

திருத்தம்

கடைசியில் எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் மாறாத ஓர் அடையாளம் கொடுத்தோம். முன்னால் எது அழிந்தாலும் அந்த அடையாளத்துக்கு அடுத்ததிலிருந்து நிரல் தொடரும். அக்காவின் கடைக்கே போய், "இனிமே யாருக்கும் விட்டுப்போகாதுக்கா" என்றேன். பெருமையாகச் சொல்லத்தான் போனேன், சொன்னதும் கூசியது. யாளிக் கரை இல்லாத அந்த ஃபோல்டர் திரையில் திறந்திருந்தது.

"நல்லதும்மா. திரும்ப வரையத்தான் அவரு இல்ல."

விட்ட இடத்திலிருந்து தொடர நிரலுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நான்தான் இன்றும் அந்தக் கடையை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போகிறேன்.