அணில் அம்மா எப்போது வரும்?

இன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் மில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. எதிர்வீட்டுச் செல்விக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். வேனை விட்டால் வேலை போச்சு.

செல்வியின் நான்கு வயது மகள் மீனா அவள் துப்பட்டாவை விடவில்லை.

அம்மா வேலைக்குப் போகும்போது மீனாவைச் சமாதானப்படுத்தவென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாங்கி வந்த படக்கதையைச் செல்வி அவசரமாகப் பிரித்தாள். "பாரு, பொழுது சாயுமுன்ன அணில் அம்மா வீட்டுக்கு வந்துருச்சு."

"நீயும் அப்ப வந்துருவியா?"

செல்வி என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

"இல்லட்டி. நீ தூங்குன பொறவுதான் வருவேன்."

மீனா துப்பட்டாவை விட்டாள். கறுப்பு கிரேயானை எடுத்து, கடைசிப் பக்கத்து வானம் முழுக்கத் தேய்த்தாள்.

"இப்ப இந்த அம்மாவும் இருட்டுன பொறவுதான் வருது."

செல்வி வேனுக்கு ஓடினாள்.

இருட்டிய பிறகு வரும் அம்மாக்களுக்குப் படக்கதை இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த வாரம் செல்விக்கு நைட் ஷிப்ட்; விடிந்த பிறகுதான் வருவாள்.