சுண்ணாம்பு படாத தகர டின்

இந்த முறை கோலார் தங்கவயலுக்கு நான் போனது சுரங்கத்தைப் பார்க்க அல்ல, ஒரு செடியைப் பார்க்க. அதுவும் ப்ளூபெர்ரிச் செடி. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், என் வீட்டிலும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் செடி காய்த்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் என் அக்கா அங்கேயே இருப்பாளா, வீட்டைக் காலி செய்வாளா என்பது முடிவாக இருந்தது. அதனால் போன ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். பிலோமினா அக்காவும் அவள் கணவர் ஆரோக்கியம் மாமாவும் சாம்பியன் ரீப்ஸில், நாங்கள் வளர்ந்த அதே வரிசையில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். மாமா சுரங்கத்தில் கேஜ் இயக்கியவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அக்காவுக்குச் சர்க்கரை. மகள் ஷர்மி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்கு நல்லது என்று பழக்கடையில் சின்ன டப்பா ப்ளூபெர்ரியை முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கி அலுத்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன் மூன்று கன்றுகளையே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அப்புறம், இந்த வயதில் இங்கே தனியாக எதற்கு, என்னோடு வந்துவிடுங்கள் என்று ஆரம்பித்தாள். அக்கா ஆயிரம் காரணம் சொல்லிவிட்டு, கடைசியில் "செடிய யாருடி பாத்துப்பா?" என்று கேட்டிருக்கிறாள். ஷர்மி அதைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற ஈஸ்டருக்குள்ள ஒரே ஒரு பழம் பழுக்கட்டும், நான் வாயே தொறக்கமாட்டேன். பழுக்கலன்னா ரெண்டு பேரும் பெங்களூர்." விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எங்கள் வீட்டில் விளையாட்டாகச் சொன்னதற்குத்தான் மதிப்பு அதிகம்.

சென்னை சென்ட்ரலில் காலை ரயில். பங்காரப்பேட்டை வரை சுமார் 290 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், உட்கார்ந்து போகும் வகுப்பில் எனக்கு 130 ரூபாய் ஆயிற்று. அங்கே இறங்கி மாரிக்குப்பம் போகும் கிளைப்பாதை ரயிலுக்கு மாற வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட். (அந்த ரயில் நமக்காகக் காத்திருக்காது. தவறவிட்டால் ராபர்ட்சன்பேட்டைக்குப் பேருந்து உண்டு, பதற வேண்டாம்.) கோரமண்டல் தாண்டியதும் ஜன்னலில் அந்தச் சாம்பல் நிற மேடுகள் வந்தன. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய அரைத்த மண் அது. சயனைடு மேடு என்போம். அதில் சறுக்கி விளையாடி, கால்சட்டை கிழிந்து, அடி வாங்காத பிள்ளை எங்கள் லைனில் கிடையாது.

சாம்பியன் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அறுபது ரூபாய்.

"இன்னா சார், சினிமா பாத்துட்டு மைன்ஸ் பாக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க, ப்ளூபெர்ரி பாக்க வந்தேன்."

"அது எங்க சார் கீது? புது ஹோட்டலா?"

செடி என்று விளக்கியதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "இந்த மண்ணுலயா? போங்க சார்" என்று சிரித்தபடியே வண்டியை லைனுக்குள் திருப்பினார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாசலில் இருந்த இரண்டு மண்தொட்டிகளைப் பார்த்ததும் என் முகம் தொங்கிப்போனது. இலை முழுக்க மஞ்சள்; நரம்பு மட்டும் பச்சை. பூத்த பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்திருந்தது. ஆனால் தொட்டிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. வெள்ளைச் சுண்ணாம்பு, மேல்விளிம்பில் காவிப் பட்டை. கிறிஸ்துமஸுக்கு அடித்தது, இன்னும் போகவில்லை.

இது எங்கள் ஊர்ப் பழக்கம். டிசம்பர் வந்தால் சுவர், படி, மரத்தின் அடி, பூந்தொட்டி, பாதையோரக் கல் என்று எதையும் விடமாட்டோம், எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. மிச்சமான சுண்ணாம்புத் தண்ணீரை எறும்பு வராமலிருக்க செடிகளின் அடியில் ஊற்றிவிடுவோம். நார் மட்டையை அடித்துத் தூரிகையாக்கி, கையெல்லாம் எரிய எரிய நானும் அக்காவும் அடித்திருக்கிறோம். இன்றும் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தால் எனக்குக் கிறிஸ்துமஸ்தான், அது மே மாதமானாலும் சரி.

"பாத்தியாடா, இன்னா பண்ணாலும் தேற மாட்டேங்குது" என்றாள் அக்கா. சாப்பாடு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பா அம்மா கல்லறை இங்க கீது. கோயில் இங்க கீது. நான் அந்த எட்டாவது மாடில போய் யாரோட பேசறது?"

சாயங்காலம் மாமா என்னை நடக்கக் கூப்பிட்டார். சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாப்டின் இரும்புக் கோபுரம் தெரியும் இடத்தில் நின்றார்.

"இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியும்பா. சுண்ணாம்புதான். இந்தச் செடிக்குப் புளிச்ச மண்ணு வேணும். சுண்ணாம்பு பட்டா மண்ணுல இருக்கற இரும்புச் சத்த வேரு எடுக்காது. மஞ்சளாப் பூடும். கோலார்ல நர்சரிக்காரரு ஜனவரிலயே சொன்னாரு."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்லுவேன்? அடிச்சது அவதான். மிச்சத் தண்ணிய ஊத்துனதும் அவதான். இந்த ஊர்ல இருக்கணும்னு துடிக்கறதும் அவதான். உன் கையாலயே கெடுத்துட்டேன்னு நான் சொல்லணுமா?"

அவள் கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, தென்னை நார்த் துகளும் மக்கிய மரப்பட்டையும் போட்டிருக்கிறார். கந்தகத் தூளும் கொஞ்சம் கலந்திருக்கிறார். ஆனால் கந்தகம் வேலை செய்ய மாதக்கணக்காகும். ஈஸ்டர் அதுவரை பொறுக்காது. "மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆள இறக்குனவன் நான். இதோட வேரு ஒரு முழம் கூட இறங்காது, மேலாப்பல பரவுது. அதுக்கு இவ்ளோ ரோஷம்" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. எனக்கு அவர்மேல் அன்று வந்த பாசம் அதற்குமுன் வந்ததில்லை.

மூன்றாவது கன்று? அதைக் கேட்க மறந்தே போயிருந்தேன். மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் பல் துலக்கப் பின்பக்கம் போனபோது, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கொசுவலை போர்த்திய எண்ணெய் டின் ஒன்றைப் பார்த்தேன். நோஞ்சான் கன்று என்று அதற்குத் தொட்டிகூடக் கொடுக்கவில்லையாம். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பும் அடிக்கவில்லை. அடியில் ஓட்டை போட்ட டின், கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீர், காலை வெயில். வலையைத் தூக்கிப் பார்த்தேன். இலை நல்ல பச்சை. நுனியில் கொத்துக் கொத்தாகக் காய். வாசலில் உதிர்ந்து போன பூக்களின் மகரந்தத்தைத் தேனீக்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் நன்றாகக் காய்க்கும் செடி இது.

எல்லாம் பச்சைக் காய். ஒன்றே ஒன்று மட்டும் நீலம்.

கை நீட்டினேன். "தொடாத!" என்று பின்னாலிருந்து மாமாவின் குரல். "நீலமாச்சுன்னா பழுத்துச்சுன்னு அர்த்தமில்ல. காம்புகிட்ட பாரு, இன்னும் செவப்பு கீது. அதுவும் நீலமாவணும், தொட்டா தானா கையில வரணும். பறிச்சப்புறம் இது இனிக்காது." செவ்வாய்க்கிழமையிலிருந்தே இதைக் காவல் காக்கிறாராம்; பழுக்காமல் போனால் என்னாவது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். வலை போட்டது கொண்டைக்குருவிக்காக. அந்த வெள்ளிக்கிழமை வழிபாட்டில் நான் எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் பாதிரியார் கோபித்துக்கொள்வார்.

சனிக்கிழமை காலை அக்கா வாளியில் சுண்ணாம்பு கரைத்தாள். ஈஸ்டருக்கு வாசல்படிக்கும் முன்சுவருக்கும் ஒரு கை அடித்துவிடுவாள். மாமா டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் சுவரோரம் வைத்திருந்தார், ஷர்மி வந்ததும் கண்ணில் படட்டும் என்று. சுண்ணாம்பு வாளியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அக்கா படியில் ஆரம்பித்தாள். சுவருக்கு வந்தாள். டின்னுக்கு அருகே வந்ததும் குனிந்து அதை இரண்டு கையாலும் தூக்கி, எட்ட இருந்த நாற்காலிமேல் வைத்து, தன் பழைய சேலைத் துணியால் சுற்றி மூடினாள். பிறகு சுவரை அடித்தாள். மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் டீ போட உள்ளே போனதும் நான் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"மண்ண மாத்தறவரு கைய சரியா கழுவவேணாமா? நான் கோயில்லருந்து வந்தா அவரு நகத்துல கந்தக வாசன. எப்பவோ தெரியும்டா." தூரிகையை வாளியில் முக்கினாள். "எனக்காகத்தான சொல்லாம கீறாரு. அப்படியே இருக்கட்டும். நீ ஒளறி வைக்காத."

ஷர்மி மதியம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே டின்னிடம் போய் துணியையும் வலையையும் விலக்கிப் பார்த்தாள். விரல் பட்டதும் பழம் கையில் வந்துவிட்டது. ஒரே ஒரு பழம். நான்கு பேர் சுற்றி நிற்கிறோம். "உனக்காக வாங்குனதும்மா" என்று அக்காவின் வாயில் போட்டாள்.

புளிப்பில் அக்காவின் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தோள் ஒருமுறை குலுங்கியது.

"எப்படிமா கீது?"

"தேனு" என்றாள் அக்கா.

ஷர்மி அம்மாவின் மூடிய கண்ணைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் நகங்களைப் பார்த்தாளோ என்னவோ. "சரி, இருங்க. ஆனா மாசா மாசம் செக்கப்புக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

இனி, செடி வைக்க நினைப்பவர்களுக்கு. குளிர் அதிகம் கேட்காத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். தங்கவயலின் டிசம்பர் குளிர் அதற்குப் போதும், சென்னைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். இரண்டு ரகம் வையுங்கள். ஆழத்தைவிட அகலமான தொட்டி நல்லது. மண் புளிப்பாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உப்பு ஏறிய போர்த் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் உத்தமம்.

சத்து விஷயத்தில் நம் ஆட்கள் மிகைப்படுத்துவார்கள். நாவல்பழத்தைப் போலத்தான் இதற்கும் அந்த நிறத்திலேயே நல்ல சத்து இருக்கிறது. நாரும் வைட்டமின் சியும் உண்டு. பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி சாப்பிடலாம் என்று அக்காவின் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

திரும்பும்போது ரயிலில் என் சட்டைக் கையில் சுண்ணாம்புத் துளி ஒன்று காய்ந்திருந்தது. தட்டிவிட மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. தொட்டிக்கு மறந்தும் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே அடித்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போனதும் மேல்மண்ணை மாற்றிவிடுங்கள். கையை மட்டும் நன்றாகக் கழுவுங்கள்.