பெயரில்லாத விருந்தாளிகள்

தேவசகாயம் சார் காலமாகிவிட்டார் என்று அவர் மனைவி எஸ்தர் அம்மா குரோம்பேட்டையிலிருந்து போனில் சொன்னார். என் மனம் முதலில் கேட்டது, அவர் எழுதிக்கொண்டிருந்த உப்பளக் கதையை முடித்துவிட்டாரா என்றுதான். நம் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு என் குணம் தெரியும்.

தாம்பரத்தில் ஒரே பள்ளியில் நான் வரலாறும் அவர் வேதியியலும் நடத்தினோம். ஓய்வுபெற்றபின் ஆளுக்கொரு கற்பனை உலகத்தை எழுதத் தொடங்கினோம். படைப்புக் கடவுள், அந்தக் கடவுளின் வம்சம், போர்கள் என்று நான் அட்டவணை போட்டு எழுதினேன். அவரோ மலைக்காரர்களுக்கு ஒரு கதை, மீனவர்களுக்கு ஒரு கதை என்று ஒட்டும் உறவும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனார். இவை எங்கே சேரப்போகின்றன என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அஸ்தினாபுரத்தில் என் வீட்டு மாடியில் நடந்த கூட்டத்தில் அவர் கதையில் ஓர் ஓட்டையைப் பிடித்தேன். மலைக்காரர்களின் மழைச்சாமி கோடையில் காணாமல் போகிறார்; எங்கே என்று கதையில் இல்லையே என்றேன்.

"அது அவங்களுக்கே தெரியாது சார். மீன்காரங்களக் கேளுங்க."

மீனவர் கதையில் கோடைதோறும் பெயரில்லாத ஒரு விருந்தாளி வருவான். அவன் தொட்ட வலை காய்வதே இல்லை. எல்லோரும் படித்திருந்தோம், யாருக்கும் உறைக்கவில்லை. அவர் உலகத்தில் ஓர் ஊர்ச் சாமிதான் அடுத்த ஊருக்கு விருந்தாளி. ஒரு வேதியியல் வாத்தியாருக்கு இது எப்படித் தோன்றியது? எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு என் அட்டவணையை நிதானமாகப் படித்தார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார். உங்க சாமிங்க எப்பவாவது வெளியூர் போவாங்களா?" மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் உண்மையாகவே கேட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

ஜெபக் கூட்டம் முடிந்ததும் எஸ்தர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "உப்பளத்துச் சாமி வூட்ட விட்டுக் கிளம்புறதோட நிக்குது சார். நீங்கதான் முடிக்கணும். உங்க கண்ணுலதான் ஓட்டை படும்னு சொல்லிட்டே இருப்பாரு."

அவருடைய எல்லாக் கதைகளையும் மறுபடி வரிசையாகப் படித்தேன். ஒவ்வோர் ஊரிலும் ஏற்கெனவே ஒரு விருந்தாளி இருக்கிறார். மலையில் மட்டும் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கதை அச்சாகி, ஊரெல்லாம் படித்தாகிவிட்டது; இனி அதில் ஒரு விருந்தாளியைச் சேர்க்க முடியாது. உப்பளத்துச் சாமிக்குப் போக இடமில்லை. என் உலகம் ஒன்றுதான் பாக்கி. அங்கே இதுவரை யாருமே வந்ததில்லை.

அவர் சாமி உள்ளே வந்துவிட்டால் என் உலகமும் அவருடையதாகிவிடும். அது தெரிந்தேதான் அந்த விருந்தாளிக்காக என் அட்டவணையில் ஒரு கட்டத்தை அழித்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த வெற்றுக் கட்டம்.