நியாய விலைக்கு ஒரு ரிவால்வர்

போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். முன்பின் பார்த்திராத முகம். காதருகே குனிந்து கேட்டார்.

"சார், நல்ல கைத்துப்பாக்கி ஒண்ணு வேணும். வெலை நியாயமா இருக்கணும். எங்க கெடைக்கும்?"

கத்திரிக்காய் விசாரிக்கிற மாதிரி!

நான் என்ன துப்பாக்கி வியாபாரியா? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது எழுதிப் பிழைக்கிறவன். என் வீட்டில் இருக்கிற ஒரே ஆயுதம் அரிவாள்மணை. அதற்கும் லைசென்ஸ் என் மனைவி பெயரில்தான்.

ஆனால் அவர் மேல் தப்பில்லை. கொஞ்ச நாளாக ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர். உபயம் — என் சிநேகிதர் சலீம் பாய்.

சலீம் பாய் தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கிறார். ஆள் வாட்டசாட்டம். குரல் மட்டும் குழந்தைக் குரல். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ரிவால்வர் எதற்கு?

சனிக்கிழமைதான் காரணம். டேனரியில் வாரக் கூலி சனிக்கிழமை பட்டுவாடா. மொத்தப் பணமும் வேலூர் பேங்கிலிருந்து வர வேண்டும். முப்பது மைல். பழைய கார், வயசான டிரைவர், பின் சீட்டில் பாய், அவர் மடியில் தோல் பை.

இந்த வருஷம் ஆரம்பத்தில், பக்கத்து டேனரிக்காரர் இதே போலப் பணத்தோடு வந்தபோது மாதனூருக்கு இந்தப் பக்கம் மடக்கிவிட்டார்கள். டிரைவருக்கு மண்டையில் அடி. பை போயிற்று. அன்று சாயங்காலம் அந்த டேனரி வாசலில் ஜனங்கள் வெறும் கையோடு நின்றதை நான் பார்த்தேன். சனிக்கிழமை கூலி வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும் வீடுகள். ஒரு பெண் அழக்கூட இல்லை. கேட்டைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

சலீம் பாயும் பார்த்தார். மறுநாளே லைசென்ஸுக்கு மனுப் போட்டார். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கேட்டாராம்: "பாய், நீங்க சுடுவீங்களா?"

"அல்லா, சுடறதா! காட்டத்தான்."

எப்படியோ லைசென்ஸ் கிடைத்தது. உடனே என்னைத் தேடி வந்தார்.

"தோஸ்த், நீ என்கூட வரணும். உனக்கு இங்கிலீஷ் தெரியும். பத்திரிகைல வேற எழுதறே."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்கலாமா? கிளம்பினேன்.

முதலில் மெட்ராஸ். பெரிய கடை. டை கட்டிய விற்பனையாளர் பச்சைத் துணியை விரித்து மூன்று ரிவால்வர்களை வைத்தார். பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி பாய் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதான் சார்."

"எது ரொம்ப நல்லது?"

அவர் காட்டியதன் விலையைக் கேட்டதும் பாய் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஜோடி நல்ல உழவு மாடு வாங்கி, மிச்சத்தில் வண்டியும் வாங்கலாம். இறக்குமதி நின்றுபோனதிலிருந்து இப்படித்தானாம். பழசே தங்கம் விலை.

நான் சும்மா இருக்கலாமா? துப்பறியும் கதைகள் நூறு படித்தவன். ஒன்றை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, குறி பார்த்தேன். விற்பனையாளர் மிகுந்த மரியாதையோடு என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"சுவர் பக்கம் பாருங்க சார். நீங்க உங்க ஃப்ரெண்டைப் பாத்துட்டிருக்கீங்க."

பாய் அதற்குள் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

நல்ல மனுஷர் அந்த விற்பனையாளர். வாங்க மாட்டோம் என்று தெரிந்தும் சொல்லிக் கொடுத்தார். குழலுக்குள் துரு இருக்கக் கூடாது. குண்டு போடும் உருளை ஆடக் கூடாது. மேலே அடித்திருக்கிற நம்பரும் விற்கிறவர் லைசென்ஸில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் மேல, சுட்டுப் பாக்காம வாங்காதீங்க."

பிறகு பாயின் கையைப் பார்த்தார். துப்பாக்கி அந்தக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "அதுவும் கொஞ்சம் சரியாகணும் சார்" என்றார்.

அடுத்தது ஜோலார்பேட்டை. ரிடையரான ரயில்வே கார்டு ஒருவர் தன் ரிவால்வரை விற்கிறார் என்று தகவல். மிஸ்டர் ஹென்றி. ஆங்கிலோ இந்தியர். மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார். வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது. மீதிச் சாமான் மேல் நாங்கள் உட்கார்ந்தோம்.

"ட்வென்ட்டி இயர்ஸ், மேன்!" என்றார் ஹென்றி. "எவ்ரி நைட் தலகாணி கீழ இதுதான். யுத்தம் நடக்கறப்ப ஒரு நாளு, கூட்ஸ் வண்டிய சிக்னல்ல நிறுத்திட்டு நாலு பேர் ஏறிட்டான். கையில கத்தி. நான் கடைசில கார்டு பிரேக் வேன்லேர்ந்து இத நீட்டினேன். 'இறங்குடா'ன்னேன். ஓட்டம் மேன், ஓட்டம்!"

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நூறாவது தடவை கேட்கிற முகம்.

சலீம் பாய் ரிவால்வரைக் கையில் வாங்கினார். தோல் பார்க்கிற கை அல்லவா? வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"இங்க ஒரு கீறல் இருக்கே. வெலை கம்மி பண்ணணும்."

"அது நம்பர், மேன்!"

விலை பேச ஆரம்பித்தார்கள். பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து ஹென்றியின் கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையிலும் தோல் மண்டியிலும் அப்படித்தான் பேரம். எத்தனை விரல் என்பது துண்டுக்குத்தான் தெரியும். ஹென்றிக்கு இது தெரியுமா? மனுஷர் வெலவெலத்துப் போனார்.

"வாட் இஸ் ஹி டூயிங்?" என்று என்னைப் பார்த்தார்.

"வெலை பேசறார் சார்."

"வாயால பேசச் சொல்லு மேன்!"

கடைசியில் வாயாலேயே படிந்தது. மெட்ராஸ் விலையில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. இருவருக்கும் சந்தோஷம். அங்கேயே முடித்திருக்கலாம். நான்தான் என் புதுப் புலமையைக் காட்டினேன்.

"பாய், சுட்டுப் பாக்காம வாங்கக் கூடாது."

காய்ந்து கிடந்த ஏரிக்குப் போனோம். மிஸஸ் ஹென்றியும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கரைச் சரிவில் ஒரு காலி டால்டா டின்னை வைத்தோம். பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். ஹென்றி காலை அகட்டி நின்று, கையை நீட்டி, விசையை இழுத்தார்.

டிக்.

"ஓல்ட் புல்லட்" என்றார். மறுபடி இழுத்தார். டிக். மறுபடியும். ஆறு குண்டும் டிக்தான். புது டப்பாவைப் பிரித்து வேறு குண்டு போட்டார். அதுவும் டிக்.

திறந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். குண்டின் பின்புறத்தைத் தட்ட வேண்டிய முள் இல்லை. நுனி எப்போதோ உடைந்து போயிருக்கிறது. எப்போது? வாங்கின அன்று ஒரு தடவை சுட்டாராம். அதற்கப்புறம் சுடவே இல்லை.

ஹென்றி மெள்ள ஏரி மண்ணில் உட்கார்ந்தார்.

"நாலு பேரு" என்றார். "கையில கத்தி..."

முகத்தில் ரத்தமே இல்லை. அத்தனை வருஷம் கழித்து அந்த நாலு பேரும் இப்போதுதான் அவர் எதிரில் வந்து நின்றார்கள் என்று நினைக்கிறேன். காதிலிருந்து கையை எடுத்த பாய், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மிஸஸ் ஹென்றி குடையோடு கிட்டே வந்தார்.

"அப்ப நான் ட்வென்ட்டி இயர்ஸா பயந்து பயந்து தலகாணி தட்டினது?"

ஹென்றி அவரை நிமிர்ந்து பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்... சிரிப்பு! ஏரியே அதிரும்படி சிரித்தார். மிஸஸும் சேர்ந்துகொண்டார். குடை காற்றில் போயிற்று.

ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாமே என்று நான் இழுத்தேன். ஹென்றி தலையை ஆட்டினார். "நோ, மேன். என்னை இது ஏமாத்திடுச்சு. நான் இன்னொருத்தன ஏமாத்த மாட்டேன். போலீஸ்ல குடுத்துட்டு கப்பல் ஏறறேன்."

திரும்பும் ரயிலில் பாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வாணியம்பாடி தாண்டியதும் சொன்னார்.

"தோஸ்த், அந்த மனுஷன் சுடாத துப்பாக்கிய வெச்சுக்கிட்டு நாலு பேர வெரட்டினாரு. அவுரு கை நடுங்கல. என் கையில பீரங்கியே குடுத்தாலும் எவன் பயப்படுவான்?"

எவனும் பயப்பட மாட்டான்தான். அதை வாய்விட்டுச் சொல்லலாமா? சிநேகிதம் கெடும்.

பேஜார் அதோடு முடியவில்லை. நாங்கள் ஊர் ஊராகத் துப்பாக்கி தேடுகிற செய்தி டேனரிக்குள் வேறு உருவத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை வேலை நின்றது. சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறிக்கொண்டிருக்கிறது. எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காவிட்டால் அத்தனையும் அழுகிப் போகும். பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் போனபோது சங்கத் தலைவர் முனுசாமி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். குள்ளமான ஆள். ஆனால் கேட் மீட்டிங்கில் அவர் பேசினால் பாலாற்றுக்கு அக்கரையில் மாடு மிரளும்.

"இன்னா மொதலாளி! துப்பாக்கி வாங்கறியாமே? போனஸ் கேட்டா சுடலாம்னு பாக்கறியா?"

"ஐயோ, உங்களையா? அல்லா மேல ஆணையா இல்ல முனுசாமி!" பாயின் குரல் இன்னும் மெலிந்துவிட்டது. "சனிக்கெழம ரோட்டுல பணம் கொண்டாரேன் இல்ல? பக்கத்து டேனரிக்கு ஆன கதி நமக்கும் ஆயிட்டா? உங்க மொகத்துல எப்டி முழிப்பேன்? அதுக்குத்தான்."

முனுசாமி பக்கத்தில் வந்தார். குரல் இறங்கிற்று.

"அத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க என்னைப் பேச உட்டே? பாக்கறப்பல்லாம் கோஷம் போடறே."

"பையில இருக்கறது யாரு துட்டு? எங்க கூலி. எங்க கூலிக்கு நாங்க காவல் வராம யாரு வருவா? சனிக்கெழம நான் வண்டில வர்றேன். துப்பாக்கியும் வாணாம், இன்னொண்ணும் வாணாம்."

அரை மணியில் வேலை ஆரம்பித்தது. தோல் பிழைத்தது.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து முன் சீட்டில் முனுசாமி. போன மாசம் நிஜமாகவே மடக்கினார்கள். பள்ளிகொண்டா தாண்டி, ரோட்டுக்குக் குறுக்கே கட்டை வண்டி. கழியோடு மூன்று பேர். டிரைவர் கடைசி நேரம் வந்துவிட்டதென்று கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். பாய் சீட்டுக்கு அடியில்.

முனுசாமி கதவைத் திறந்து இறங்கினார். இடுப்பில் கை.

"எவன்டா அவன்! தொழிலாளி கூலி மேல கை வெக்கறவன்! வாடா முன்னால!"

அவ்வளவுதான். கரும்புத் தோட்டத்துக்குள் மூன்று பேரும் மறைந்தார்கள். வண்டியைக் கூட விட்டுவிட்டு!

"எனக்கு ஆச்சரியமே இல்ல" என்றார் பாய். "எத்தன வருஷமா அந்தக் கொரல நான் டேனரி கேட்டுல கேக்கறேன். எனக்கும் ஓடணும்னுதான் தோணும். சொந்த டேனரியாச்சேன்னு நின்னுட்டிருந்தேன்."

ஆக, பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தவருக்கு நான் சொன்னது இதுதான்: ஐயா, முதலில் உங்கள் பணத்தில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது என்று பாருங்கள். அவர்களோடு பேசிப் பாருங்கள். துப்பாக்கி அப்புறம். அவருக்குத் திருப்தியில்லை. "கடை அட்ரஸ் மட்டும் சொல்லுங்க சார்" என்றார்.

நேற்று சலீம் பாயைப் பார்த்தேன். ஆள் இளைத்திருக்கிறார். ஏன் பாய், இப்போதுதான் பயமில்லையே என்றேன்.

"பயமில்ல தோஸ்த். ஆனா வேலூர்லேர்ந்து ஆம்பூர் வரைக்கும் முனுசாமி போனஸ் பத்திப் பேசிட்டே வர்றான். திருடன் தேவல — அவன் ஒரு வாட்டிதான் கேப்பான்."