பழுது இல்லை

அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'ஒட்டு' என்றுதான் கூப்பிடுவோம். ராணுவ முகாம்களுக்கும் தலைமையகத்துக்கும் நடுவே ஓடும் ரகசியத் தொலைபேசி இணைப்பின் மெக்கானிக். பேச்சு வேறு யார் காதிலும் விழாதபடி பூட்டி அனுப்பும் கிழட்டு இயந்திரம் ஒன்றை, ஒட்டுப் போட்டுப் போட்டே இருபத்தாறு வருடம் உயிரோடு வைத்திருந்தார்.

புது இயந்திரத்துக்குப் பணம் கேட்டு ஆண்டுதோறும் கோப்பு எழுதுவது நான். ஆண்டுதோறும் அது போன வேகத்தில் திரும்பி வரும்.

"பதிவேட்டுல ஒரு பழுதும் இல்லையே. ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா புதுச் சக்கரம்?" என்பார் நிதி அதிகாரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இணைப்பு அறுந்தால் ஒட்டு ஓடிப்போய்ச் சரிசெய்வார். ஆனால் பதிவேட்டில் தினமும் 'பழுது இல்லை' என்றே எழுதுவார்.

"ஏண்ணே இப்படி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க?"

"சரி பண்ணின அப்புறம் அது என்னம்மா பழுது?"

கர்வம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மகள் மலைமேல் ஒரு முகாமில் ராணுவ மருத்துவர். விடுப்பில் வந்தவள் ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். டப்பாவைக்கூடத் திறக்காமல் கேட்டாள்.

"அப்பா, பன்னெண்டாம் தேதி ஹெலிகாப்டர் கேட்டுப் பேசிக்கிட்டிருந்தேன். பாதியில லைன் செத்துப்போச்சு. பதினோரு நிமிஷம். அடிபட்ட சிப்பாய் என் கையிலேயே போயிட்டான். ஹெலிகாப்டர் சீக்கிரம் வந்திருந்தா பொழச்சிருப்பானோ என்னவோ. இங்க என்னப்பா ஆச்சு?"

அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே பதிவேட்டைப் புரட்டினாள். பன்னிரண்டாம் தேதிக்கு நேராக அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து: பழுது இல்லை. இரண்டு முறை படித்தாள். டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் என் மேசையில் ஒரு பழைய பாக்கெட் நோட்டை வைத்தார். இயந்திரம் செத்த ஒவ்வொரு தடவையும், தேதியோடும் நிமிடத்தோடும் அதில் இருந்தது. நானூற்றுப் பதினெட்டு தடவை.

"எத்தனை வாட்டி அதை ஜெயிச்சேன்னு எனக்காக எழுதி வச்சது. கோப்போட சேர்த்துடும்மா."

"ஐயோ அண்ணே, ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருக்கு. பொய்ப் பதிவுன்னு பென்ஷன்லயே கை வைப்பாங்க."

"வைக்கட்டும்."

அழுதுகொண்டேதான் சேர்த்தேன். அடுத்த மாதம் பணம் ஒதுக்கிய ஆணையும் அவரைத் தற்காலிகமாக நீக்கிய உத்தரவும் ஒரே தபாலில் வந்தன.

புது இயந்திரத்தின் முதல் சோதனைப் பேச்சு மலை முகாமிலிருந்து வந்தது. எதிர்முனையில் அவள்தான்.

"அக்கா, குரல் பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது. அப்பாகிட்ட சொல்லிடுங்க."

அவர் வெளி வாசலில் காவலர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. போய்ச் சொன்னேன்.

"நடுவுல அறுந்துச்சா?"

"இல்லண்ணே."

"பதிவேட்டுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பழுது இல்லைன்னு."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நெஜமாவாம்மா?"