கணவர் ஊரிலேயே இருப்பார்

விசா படிவம் நிரப்பிக் கொடுப்பவனுக்கு எந்த நாடு என்ன கேட்கும் என்பது அத்துப்படி. அவன் போன தூரமோ திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடி வாசல் வரைதான். பிறரை வழியனுப்பியே காலம் தள்ளும் அன்பர்களே, நீங்களும் என் கட்சிதானே, கொஞ்சம் கேளுங்கள்.

சாமி கொடுத்த கடிதம்

நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு முன்பெல்லாம் வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது வெளிநாட்டில் சொந்தக் கம்பெனி தொடங்கப்போகிற பிள்ளைகளும் வருகிறார்கள். அதற்கு ஸ்டார்ட்அப் விசா என்று பெயர். இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒருவன் வந்தான். மீனைப் படகிலிருந்தே விற்க ஒரு செயலி செய்திருந்தான். அவன் தொழிலை நம்புவதாக, போகிற நாடு அங்கீகரித்த நிறுவனம் ஒன்று கடிதம் தர வேண்டும் என்றேன்.

மறுநாள் அவன் அம்மா பங்குச் சாமியாரின் கடிதத்தோடு மாடி ஏறி வந்தார். ஞாயிறு பூசைக்குத் தவறாதவன், குடி கிடையாது என்று முத்திரையோடு எழுதியிருந்தது. பள்ளிக்கூடமோ கல்யாணமோ, எங்கள் பக்கம் அந்தக் கடிதம் செல்லாத இடமில்லை. இங்கே செல்லாது என்று பக்குவமாகச் சொன்னேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்:

“சாமி எழுதினதயே நம்பாதவன், பிறவு ஆரு சொன்னா நம்புவான் மக்கா?”

வழக்கமான வரி

விசிட் விசாவில் போகிறவர் திரும்பி வந்துவிடுவார் என்று காட்ட, ‘மனைவி ஊரிலேயே இருப்பார்’ என்று எழுதுவோம். போவது பெண் என்றால் கணவர். எழுதி எழுதி விரலே அதை அடித்துவிடும்.

என் மனைவி ஜெசி நெய்யூரில் நர்ஸாக இருந்தவள். நர்ஸ்களுக்கு டூட்டி போடுவதில் வரும் சண்டையைத் தீர்க்க ஒரு மென்பொருள் செய்து, குளிர் நாடு ஒன்றுக்கு ஸ்டார்ட்அப் விசா கேட்டாள். அதில் குடும்பத்தோடே போகலாம். அவள் படிவத்தில் கணவர் பற்றிய கட்டத்திலும் நான் பழக்கதோஷத்தில் ‘கணவர் ஊரிலேயே இருப்பார்’ என்று அடித்துவிட்டேன். அவள் அதைக் காட்டிக் கேட்டதும், அதெல்லாம் ஒரு பேச்சுக்கு, பின்னாலேயே வந்துவிடுவேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“எனக்க படிவத்தில எதுக்கு ஒரு பேச்சுக்கு எழுதணும்?”

என் முறை

அவள் போனாள். சேர்ந்துகொள்ள நான் விண்ணப்பித்தேன். ஊரிலேயே இருப்பார் என்றீர்களே, இப்போது என்ன மாறியது என்று கேட்டு எழுதினார்கள். பிறருக்கு எத்தனையோ விளக்கக் கடிதம் எழுதியவன், எனக்கென்று ஒன்று எழுதத் தெரியாமல் உளறிக்கொட்டினேன். மறுத்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் ராஜம் அக்கா மறுப்புக் கடிதத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்:

“ஊருக்கெல்லாம் இந்த வரிய எழுதும்போ நல்லாத்தான இருந்தது மக்கா.”

ஞாயிறு

கம்பெனி நிலைத்தால்தான் அவளுக்கு விசா நீளும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடுவாள். சபையில் ஜெபிக்கக் கண்ணை மூடினால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. ஒரு ஞாயிறு, கம்பெனி விழட்டும் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு மீன் குழம்பு வைத்தேன். வழக்கம்போல இரண்டு பேருக்கு வந்தது.

போன வாரம் கூப்பிட்டாள். விசாவை நீட்டித்துவிட்டார்களாம். சந்தோஷம் என்றேன். நீங்கள் மறுபடி விண்ணப்பித்தீர்களா என்றாள். பயந்துபோய்த் தள்ளிப்போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவள் சொன்னாள்:

“இந்தத் தடவ அந்தக் கட்டத்தில நான் எழுதுதேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

இத்தனை வருஷத்தில் நான் நிரப்பிய படிவங்களில், எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது என் வீட்டுப் படிவத்தில் மட்டும்தான்.