கேஜை யார் கையில் கொடுப்பது?

சூபர்வைசர் வேலை என்பது, நேற்றுவரை ஒரே கிளாஸில் பாதி டீ பங்கு போட்டவனைப் பார்த்து இன்று “ஏன் லேட்?” என்று கேட்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிற வேலை. அந்த நாற்காலியில் மாட்டிக்கொண்டு முழித்த அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. பம்ப்செட்டுகளுக்குப் பித்தளை புஷ் கடைந்து கொடுப்போம். பார்க்க வளையம் மாதிரி இருக்கும். அதன் துளைக்குள்தான் பம்ப்பின் ஷாப்ட் சுற்றும். ஆறு வருஷம் அங்கே லேத் என்ற கடைசல் மெஷினில் நின்ற என்னை முதலாளி திடீரென்று சூபர்வைசர் ஆக்கினார். மூன்று மாதம் ட்ரயல், எனக்குக் கீழே ஐந்து பேர். லேத்தில் என் கை சுத்தம் என்று ஊருக்கே தெரியும். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

தொண்டை

எனக்கு முன்னால் இருந்தவர் நன்றாகக் கத்துவார். அதனால் அதிகாரம் என்றால் சத்தம் என்று முடிவு கட்டிக்கொண்டு முதல் நாளே ஆரம்பித்தேன். நான்கு லேத்தும் ஓடும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான்காம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அப்போதும் விடாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

முனுசாமி அண்ணன் லேத்தை நிறுத்தினார். அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு டூல் பிடிக்கக் காட்டிக்கொடுத்த கை அவருடையது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னா நைனா, வாய் மட்டும் ஆடிகினு கீது? கிட்ட வந்து சொல்லேன். இங்க எவனும் கடிச்சிட மாட்டான்.”

பலசாலி

புஷ்ஷின் துளையைச் சோதிக்க கேஜ் என்று ஒரு இரும்புத் துண்டு உண்டு. ஒரு முனை துளைக்குள் தானாக நழுவ வேண்டும். மறுமுனை நுழையவே கூடாது. செக்கிங்குக்கு ஆள் தேவைப்பட்டபோது நான் யோசிக்கவே இல்லை. சீனியர், நல்ல பலசாலி, ஒருவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று முனுசாமி அண்ணனை லேத்திலிருந்து எடுத்து அங்கே உட்கார வைத்தேன். அவருக்கு மரியாதை செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

மூட்டை தூக்கிப் பழகிய கை அது. இறுக்கமான துளையில்கூட கேஜ் ‘போய்’விட்டது. ஒரு பெட்டி முழுக்கப் பாஸ் ஆகி, குமணன்சாவடிப் பக்கம் இருந்த பம்ப் கம்பெனிக்குப் போய், ஷாப்ட் நுழையாமல் திரும்பி வந்தது. கூடவே வந்த கம்பெனி ஆள் எங்கள் கேஜை வாங்கி இரண்டு புஷ்ஷில் போட்டுப் பார்த்தார். முனுசாமி அண்ணனின் தோளையும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “கேஜ் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதைப் பிடிச்சதுதான் போர் பம்ப் அடிக்கிற கை.”

டப்பா

முதலாளி கூப்பிட்டார். யார் செக் பண்ணியது என்றார். முனுசாமி என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவரை அங்கே உட்கார வைத்தது யார்? “தப்பு என்னுது சார். ஆளை மாத்தி நிறுத்திட்டேன்” என்றேன். அடுத்த பெட்டியும் திரும்பினால் செக்‌ஷனையே மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அது வெறும் மிரட்டல் இல்லை. என்னோடு ஐந்து குடும்பம் தெருவில் நிற்கும்.

பேக்கிங் மேஜைக்குப் போனேன். ஆவடியிலிருந்து ரயிலில் வரும் ஸ்டெல்லா, ஒவ்வொரு புஷ்ஷாக எண்ணெய்த் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் முப்பது நாற்பது புஷ். சுற்றும்போது சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்ப்பாராம். ரொம்பவே இறுக்கமானதை மட்டும் டப்பாவில் ஒதுக்கிவிட்டு, மற்றதைச் செக்கிங்கில் பாஸ் ஆனதாயிற்றே என்று கட்டிவிடுவாராம். கேஜைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட நழுவவில்லை. “இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?” என்றேன். ஸ்டெல்லா தலை நிமிராமல் சொன்னார்: “நீங்க வந்து கேட்டதெல்லாம் எத்தனை பெட்டி முடிஞ்சுதுன்னுதானே சார்?”

லெட்டர்

திருப்பிச் செய்து கொடுக்கப் பத்து நாள் அவகாசம் வேண்டும். நல்ல தமிழில், மூன்று பாராவில், நானே பம்ப் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

ஆரோக்கியசாமி என்று ஒருவர் இருந்தார். கரையான்சாவடிக்காரர். வேலையைவிடப் பேச்சு அதிகம் என்று அவரை நான்தான் மூலை லேத்துக்குத் தள்ளியிருந்தேன். வேறு வழியில்லாமல் அவரை அனுப்பினேன். காலையில் போனவர் மத்தியானம் பத்து நாளையும் வாங்கிக்கொண்டு, விசிலடித்தபடி வந்தார். பிற்பாடு நேரில் பார்த்தபோது அந்தக் கம்பெனி ஆள் சொன்னது: “உங்க லெட்டரைப் படிச்சேன், கோவம் வந்துது. அவர் வந்து பேசினார், நானே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.”

என் பெயருக்கு நேரே

கேஜ் ஸ்டெல்லா கைக்குப் போனது. முனுசாமி அண்ணன் லேத்துக்குத் திரும்பினார். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. துளை கடையும் டூல் மழுங்கினால் துளை சின்னதாகும். அவர் சத்தத்தை வைத்தே மூன்று லேத் தள்ளி மழுங்கும் டூலைக் கண்டுபிடித்து “மாத்துடா” என்பார். அந்தக் காதைத்தான் நான் கேஜிடம் உட்கார வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் கம்பெனி ஆள் வந்து, முதலாளி பக்கத்தில் நிற்க, பெட்டியைக் கொட்டி ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஐந்து பேரும் வேலை செய்வதாக நடித்தோம், ஆறாவதாக நானும். கடைசி புஷ்ஷிலும் கேஜ் நழுவியது. அன்று சாயங்காலம் ஒரு தாளில் யாருக்கு எது வரும் என்று எழுதினேன். முனுசாமிக்குக் காது, ஸ்டெல்லாவுக்கு விரல், ஆரோக்கியசாமிக்கு வாய் என்று வரிசையாக வந்தது. என் பெயருக்கு நேரே ‘லேத்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை. எட்டிப் பார்த்த முனுசாமி அண்ணன் சொன்னார்: “இதுக்கா முழிச்சிகினு கீறே? யாரு செக் பண்ணதுன்னு மொதலாளி கேட்டப்போ என் பேரைச் சொல்லாம நின்னியே, அத்த எழுதிக்கோ.”

ட்ரயல் முடிந்து அதற்கப்புறம் பல வருஷம் நான் செய்த நிர்வாகமெல்லாம், எது யார் கைக்கு வரும் என்று பார்த்துக் கொடுத்துவிட்டு, தப்பு நடந்தால் அடி வாங்க என் கையை நீட்டியதுதான்.